மேற்கையில் தொங்கும் தோலுக்கு என்ன சிகிச்சை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோள்பட்டைக்கும் முழங்கைக்கும் நடுவே, கையைத் தூக்கினால் கீழே தொங்கி ஆடுகிற பகுதியைப் பற்றித்தான் இந்தக் கேள்விகள். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிதமிஞ்சி நீண்டுபோன தோலை வெட்டி எடுப்பதைத் தவிர வேறு எதுவும் குறைக்காது, வெட்டினால் தழும்பு நிச்சயம். வெட்டாமல் கிடைக்கக்கூடிய மாற்றம் கொஞ்சம்தான், ஆனால் விளம்பரம் முழுக்க அந்தக் கொஞ்சத்தைச் சுற்றியே நடக்கிறது.

எனக்குத் தொங்குவது தோலா, கொழுப்பா?

இது தெரியாமல் எந்தக் கிளினிக் வாசலிலும் கால் வைக்காதீர்கள், ஏனென்றால் அவர்களிடம் இருக்கும் மெஷின் எதுவோ அதுதான் உங்கள் வியாதி என்று ஆகிவிடும். கண்ணாடி முன்னால் நின்று கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கி, முழங்கையை மடக்கி, விரல்கள் மேலே பார்க்கும்படி வையுங்கள். தொங்குகிற இடத்தை மற்ற கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடியுங்கள். பிடியில் சிக்கியது தடிமனாக, ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் அங்கே கொழுப்பு கணிசமாக இருக்கிறது. மெல்லிசாக, சுருக்கம் சுருக்கமாக, இழுத்த இழுப்புக்கு வந்தால் அது வெறும் தோல். பிடியை விட்டதும் சட்டென்று பழைய இடத்துக்குப் போகிறதா, சாவகாசமாகப் போகிறதா என்றும் பாருங்கள். வெள்ளை வரிகள், அதாவது ஸ்ட்ரெட்ச் மார்க், நிறைய இருந்தால் தோலின் உள்நார்கள் ஏற்கெனவே அறுந்திருக்கின்றன, அந்தத் தோல் தானாகச் சுருங்கும் என்று எதிர்பார்ப்பது வீண்.

தோல் இறுக்கமாக, கொழுப்பு மட்டும் அதிகம் என்றால் லைப்போசக்ஷன், அதாவது கொழுப்பை உறிஞ்சி எடுப்பது. கொழுப்பு இல்லை, தோல் மட்டும் தொங்குகிறது என்றால் ஆபரேஷன். லேசாகத் தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றால் மெஷின்களை யோசிக்கலாம். பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும், அங்கேதான் அனுபவமுள்ள டாக்டரின் கை பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பி முடிகிற காரியம் இல்லை.

ஒரு கை மட்டும் திடீரென்று பெருத்தால் அது அழகு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, பொது மருத்துவரைப் போய்ப் பாருங்கள். இரண்டு கையும் தொட்டால் வலிக்கிறது, லேசாக இடித்தாலே கன்றிப்போகிறது, வீக்கம் மணிக்கட்டோடு நின்றுவிடுகிறது என்றால் லிப்பெடிமா என்கிற தனி நோயாக இருக்கலாம், அதற்கு வழி வேறு.

முகம், இடுப்பு எல்லாம் சரியாக இருக்கிறது, கை மட்டும் ஏன் இப்படி?

மேற்கையின் உள்பக்கத் தோல் உடம்பிலேயே மெல்லிய தோல்களில் ஒன்று. அதன் கீழே இருக்கிற கொழுப்பையும் தோலையும் தாங்கிப் பிடிப்பது ஒரு மெல்லிய சவ்வு, அது அக்குளின் ஆழத்தில் உறுதியான சவ்வோடு போய்ச் சேருகிறது. வயதாக ஆக, அல்லது உடம்பு ஏறி இறங்க, அந்த இணைப்பு தளர்கிறது. உத்தரத்தில் கட்டிய தூளியின் முடிச்சு நெகிழ்ந்தால் துணி புதுசாகவே இருந்தாலும் குழந்தை தரைப்பக்கம் இறங்கிவிடும் அல்லவா, அப்படித்தான். அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் டெட் லாக்வுட் 1995-இல் இதை விளக்கி, தோலை மட்டும் வெட்டித் தைக்காமல் இந்தச் சவ்வையும் இழுத்து அக்குளில் கட்ட வேண்டும் என்று எழுதினார். இன்றைய ஆபரேஷன் முறைகளில் பலவற்றுக்கு அது அடிப்படை.

இதோடு மாதவிடாய் நிற்கிற வயதில் ஈஸ்ட்ரோஜன் குறைந்து, தோலைக் கெட்டியாக வைக்கும் கொலாஜன் என்கிற நார்ப்புரதம் வேகமாகக் கரைகிறது. இழுத்தால் திரும்பிச் சுருங்க வைக்கும் எலாஸ்டின் நார்களை உடம்பு சின்ன வயதில்தான் பெரும்பாலும் உருவாக்குகிறது, பெரியவர்களான பிறகு போனது போனதுதான். அம்மாவுக்கும் சித்திக்கும் இதே கை இருந்தால் பரம்பரைக்கும் பங்கு உண்டு.

எக்சர்சைஸ் செய்தால் போய்விடுமா?

தோல் போகாது. ஆனால் செய்யுங்கள், நிஜமாகவே பலன் உண்டு. மேற்கைத் தசையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பின்பக்கம் இருக்கிற ட்ரைசெப்ஸ், நம்மில் பலர் அதை வாழ்நாளில் வேலை வாங்கியதே இல்லை. தண்ணீர் பாட்டிலைத் தலைக்குப் பின்னால் இறக்கி ஏற்றுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, பிறகு மெதுவாக டம்பெல் என்று மூன்று நான்கு மாதம் விடாமல் செய்தால் தசை பெருத்து உள்ளிருந்து தோலை நிரப்பும். லேசான தளர்வு உள்ளவர்களுக்கு இதுவே போதுமானதாக இருக்கலாம். நாற்காலி விளிம்பைப் பிடித்து உட்கார்ந்து எழும் டிப்ஸ் தோள்வலி உள்ளவர்களுக்கு ஆகாது.

கைக் கொழுப்பை மட்டும் கையை ஆட்டிக் குறைப்பது முடியாது. உடம்பு கொழுப்பை எங்கிருந்து எடுக்கும் என்பதை நாம் முடிவு செய்வதில்லை.

நல்லெண்ணெய் மசாஜ், க்ரீம், கொலாஜன் பவுடர்?

எண்ணெய் தேய்த்தால் தோல் மிருதுவாகும், குளித்துவிட்டு நன்றாகத் தூங்கலாம். இறுகாது. இறுக்கும் என்று விற்கிற க்ரீம்கள் தோலில் ஈரப்பதத்தை ஏற்றி இரண்டு மணி நேரத்துக்கு வழவழப்பாகக் காட்டும். ட்ரெட்டினாயின் க்ரீம் மட்டும் வெயிலில் பழுதான தோலின் மெல்லிய சுருக்கங்களைக் குறைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, அதுவும் டாக்டர் சீட்டோடு, மாதக்கணக்கில் போட வேண்டும், கர்ப்பத்தில் கூடாது, தொங்கலுக்கு அது மருந்தும் இல்லை. கொலாஜன் பவுடர் வயிற்றில் ஜீரணமாகி அமினோ அமிலங்களாகவும் சின்னச் சின்னத் துணுக்குகளாகவும் உடைகிறது, நேராகக் கைக்குப் போய் உட்காருவதில்லை. அந்தக் காசுக்கு முட்டையும் பருப்பும் வாங்கலாம்.

ஊசி போட்டு 20 கிலோ குறைத்தேன், இப்போது கை பார்க்கவே சகிக்கவில்லை. உடனே ஆபரேஷன் செய்யலாமா?

இந்தக் கேள்வி இனி அதிகமாகத்தான் வரும். எடை குறைக்கும் ஊசிகளான மௌஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி அதே வருடம் ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன, இவற்றைப் போட்டு வேகமாக இளைத்தவர்களுக்கு முகமும் கையும்தான் முதலில் காட்டிக்கொடுக்கின்றன. உடனே வேண்டாம். எடை ஒரே இடத்தில் 3 முதல் 6 மாதம் நிற்கட்டும். எடை குறைப்பு ஆபரேஷன், அதாவது பேரியாட்ரிக், செய்துகொண்டவர்கள் என்றால் அது முடிந்து ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகி, எடையும் நிலைத்த பிறகு யோசிப்பதுதான் வழக்கம். இன்னும் 10 கிலோ குறைகிற உடம்பில் இன்று தைத்தால் நாளைக்கு மறுபடி தொளதொள.

சாப்பாட்டைக் கவனியுங்கள். பசியே இல்லாமல் இட்லி ஒன்று, மோர் ஒரு டம்ளர் என்று ஓட்டியவர்களுக்குப் புரதம், இரும்புச்சத்து, பி12 எல்லாம் தரையில் கிடக்கும், அந்த உடம்பில் தையல் ஆறாது. ஹீமோகுளோபின், ஆல்புமின் என்கிற ரத்தப் புரதம் இரண்டையும் பார்த்துச் சரி செய்துவிட்டுத்தான் ஆபரேஷன் மேஜையில் ஏற வேண்டும். ஊசி இன்னும் போட்டுக்கொண்டிருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அந்த மருந்து இரைப்பையை மெதுவாகக் காலி செய்ய வைக்கும், வெறும் வயிறு என்று நீங்கள் நினைக்கும்போது உள்ளே உணவு இருக்கலாம், மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போனால் ஆபத்து.

ஆர்எஃப், ஹைஃபு, மைக்ரோநீட்லிங் ஆர்எஃப் என்கிறார்களே, வேலை செய்யுமா?

மூன்றுமே சூட்டை வைத்துத்தான் பிழைக்கின்றன. தோலின் உள்ளே கொலாஜனைச் சூடுபடுத்தினால் அது உடனே கொஞ்சம் சுருங்கும், பிறகு காயம் பட்டதாக நினைத்து உடம்பு அடுத்த 3 முதல் 6 மாதத்தில் புதுக் கொலாஜன் போடும்.

ஆர்எஃப் என்பது ரேடியோ அலை. மேலேயிருந்து தேய்க்கிற வகையில் தோலின் வெளிப்பரப்பை 40 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே வைத்துக்கொண்டு உள்ளே சூடேற்றுவார்கள், வலி குறைவு, பலனும் குறைவு, பல தடவை போக வேண்டும். ஹைஃபு என்பது ஒலி அலையைப் பூதக்கண்ணாடி வெயிலைக் குவிப்பதுபோல ஒரு புள்ளியில் குவித்து, 1.5, 3, 4.5 மில்லிமீட்டர் என்று குறிப்பிட்ட ஆழத்தில் 60 முதல் 70 டிகிரி வரை சுடுவது. இந்த வகையில் பிரபலமான அல்தெரபி 2009-இல் அமெரிக்காவின் எஃப்டிஏ, அதாவது மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பு, அதனிடம் அனுமதி வாங்கியது புருவத்தைத் தூக்குவதற்கு. முகத்துக்காகப் பிறந்த மெஷின் பிற்பாடு கைக்கு வந்தது. மைக்ரோநீட்லிங் ஆர்எஃப்பில் மெல்லிய ஊசிகளைத் தோலுக்குள் இறக்கி ஊசி முனையில் சூடு கொடுப்பார்கள், 4 முதல் 6 வார இடைவெளியில் மூன்று நான்கு தடவை.

கிடைப்பது என்ன? மெல்லிய சுருக்கம், சொரசொரப்பு குறையும். லேசான தளர்வு ஓரளவு இறுகும். போட்டோவில் இருபக்கமும் வைத்துப் பார்த்தால் தெரிகிற அளவு, சில சமயம் நீங்களே உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற அளவு. தொங்குகிற தோல் நான்கு விரல் அகலம் கையில் வருகிறது என்றால் இவற்றுக்குக் கொடுக்கிற பணம் வீண், இதைக் கிளினிக்கில் பேசி விற்கிற எந்த கவுன்சலரும் உங்களிடம் சொல்ல மாட்டார், அவர் மாதாந்திர டார்கெட் அப்படி.

நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் லேசரைவிட ரேடியோ அலை பாதுகாப்பானது, அது தோலின் நிறமியைத் தேடிப் போவதில்லை. ஆனாலும் சூடு சூடுதான். தீக்காயம், அதன் பின் மாதக்கணக்கில் நிற்கும் கருந்திட்டு, ஆழம் தப்பினால் கொழுப்பு கரைந்து பள்ளம், நரம்புப் பாதிப்பு எல்லாம் நடந்திருக்கின்றன. 2025 அக்டோபரில் எஃப்டிஏ மைக்ரோநீட்லிங் ஆர்எஃப் பற்றி தீக்காயம், தழும்பு, கொழுப்பு இழப்பு, நரம்புப் பாதிப்பு என்று பட்டியலிட்டு எச்சரிக்கை வெளியிட்டது, இது அழகு சிகிச்சை அல்ல, மருத்துவ சிகிச்சை, வீட்டில் செய்துகொள்ளக் கூடாது என்று சேர்த்துச் சொன்னது.

கொழுப்பை உறைய வைத்துக் கரைக்கிறார்களாமே?

க்ரையோலிபோலிசிஸ். இந்த வகையில் கூல்ஸ்கல்ப்டிங் என்கிற மெஷினுக்கு 2016-இல் மேற்கைக்கு எஃப்டிஏ அனுமதி கிடைத்தது. கொழுப்பு உறைந்து, செத்து, இரண்டு மூன்று மாதத்தில் உடம்பு அதை அப்புறப்படுத்தும். அது கொழுப்புக்கான வைத்தியம், தோலுக்கு இல்லை, உள்ளே இருந்த கொழுப்பு போனால் தளர்ந்த தோல் இன்னும் தொங்கவே செய்யும். அரிதாக, உறைய வைத்த இடத்தில் கொழுப்பு குறைவதற்குப் பதில் கெட்டியாகிப் பெருக்கும் விபரீதமும் உண்டு. மாடல் லிண்டா எவாஞ்சலிஸ்டா 2021-இல் தனக்கு அப்படி ஆனதை வெளியே சொன்ன பிறகுதான் உலகம் அதைக் கவனித்தது.

லைப்போசக்ஷன் மட்டும் செய்தால் போதாதா? தழும்பே தெரியாதே?

தோல் நல்ல இழுவையோடு இருந்தால் போதும், அருமையான முடிவு வரும். முழங்கை மடிப்பிலும் அக்குளிலும் சின்னத் துளை, அவ்வளவுதான். உப்புநீரில் மரத்துப்போக வைக்கும் லிக்னோகெயினும் ரத்தக் குழாயைச் சுருக்கும் அட்ரினலினும் கலந்து கொழுப்புக்குள் நிரப்பி, உறிஞ்சி எடுப்பார்கள். அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜெஃப்ரி க்ளைன் 1980-களில் கொண்டுவந்த இந்த முறையால்தான் ரத்த இழப்பு குறைந்து, முழு மயக்கம் இல்லாமலும் செய்ய முடிந்தது. ஒரு கிலோ எடைக்கு 35 மில்லிகிராம் லிக்னோகெயினைத் தாண்டக் கூடாது என்று அவர் சொன்ன உச்சவரம்பு இன்றும் பேசப்படுகிறது, 60 கிலோ ஆளுக்கு 2,100 மில்லிகிராம். கை, வயிறு, தொடை மூன்றையும் ஒரே நாளில் முடித்துத் தருகிறோம், ஆஃபர் என்று ஒருவர் சொன்னால் இந்தக் கணக்கை நினைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

தோலில் இழுவை இல்லாதவருக்கு லைப்போசக்ஷன் மட்டும் செய்தால் தொங்கல் அதிகமாகும். முன்பு நிரம்பித் தொங்கியது இப்போது காலியாகத் தொங்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு, கொழுப்பை எடுத்த கையோடு தோலுக்கு அடியில் கம்பி விட்டுச் சூடு கொடுக்கிற முறைகள் வந்திருக்கின்றன, பாடிடைட் போல ரேடியோ அலையில் ஒன்று, ஹீலியம் பிளாஸ்மாவில் ஒன்று. மேலே தேய்க்கிற மெஷினைவிட இவை பலமானவை, அதே அளவுக்குக் கவனமும் தேவை. ஹீலியம் பிளாஸ்மா பற்றி 2022 மார்ச்சில் எஃப்டிஏ எச்சரித்தது, அதே வருடம் ஜூலையில் கழுத்து, தாடைக் கீழ்த் தளர்வுக்கு அனுமதியும் கொடுத்தது.

நூல் போட்டு இழுப்பது, ஃபில்லர்?

நூல், கைக்கு வேண்டாம் என்பேன். கை நாள் முழுக்க அசைகிற உறுப்பு, தொங்குகிற எடையும் அதிகம், சில மாதத்தில் நூலின் பிடி விட்டுவிடும். ஃபில்லர் என்பது தோலுக்குள் ஊசியால் நிரப்புகிற பொருள், அதில் கால்சியம் ஹைட்ராக்ஸிஅபடைட்டை நீர்க்க வைத்தோ, பாலி லாக்டிக் அமிலத்தையோ தோலுக்கு அடியில் பரவலாகப் போட்டுக் கொலாஜனைத் தூண்டுகிறார்கள். சுருக்கம் விழுந்த மெல்லிய தோலுக்குக் கொஞ்சம் கெட்டித்தன்மை வரும், எடையுள்ள தொங்கலுக்கு வராது. விலையும் அதிகம்.

ஆபரேஷனில் என்ன செய்வார்கள்?

பெயர் பிராக்கியோபிளாஸ்டி. உட்கார வைத்தோ நிற்க வைத்தோ கையைத் தூக்கச் சொல்லி பேனாவால் குறிப்பார்கள், இந்தக் குறியில்தான் பாதி வேலை இருக்கிறது, அதிகம் எடுத்தால் காயத்தை மூடவே முடியாது, குறைவாக எடுத்தால் செய்ததற்கு அர்த்தமில்லை. பெரும்பாலும் முழு மயக்கம், இரண்டு மூன்று மணி நேரம். தளர்வு அக்குள் பக்கத்தில் மட்டும் என்றால் அக்குள் மடிப்புக்குள்ளேயே ஒரு சின்ன வெட்டு, இதற்குப் பொருந்துகிறவர்கள் கொஞ்சம்தான், இதைக் கேட்டு வருகிறவர்கள் நிறைய. வழக்கமானது அக்குளிலிருந்து முழங்கை வரை. நிறைய எடை குறைத்தவர்களுக்கு வெட்டு அக்குளைத் தாண்டி மார்பின் பக்கவாட்டிலும் இறங்கும். பல டாக்டர்கள் முதலில் லைப்போசக்ஷன் செய்து கொழுப்பைக் குறைத்துவிட்டுத் தோலை மட்டும் மேலாக எடுக்கிறார்கள், நிணநீர்க் குழாய்களும் நரம்பும் தப்புவதற்கு அது நல்ல வழி.

தழும்பு எப்படி இருக்கும்? நேர்மையாகச் சொல்லுங்கள்.

நீளமாக இருக்கும். வழக்கமான ஆபரேஷனில் அக்குளிலிருந்து முழங்கை வரை ஒரு கோடு, இரண்டு கையிலும். கையின் உள்பக்கத்தில் வைத்தால் கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது எதிரில் இருப்பவருக்குத் தெரியாது, கையைத் தூக்கினால் தெரியும். பின்பக்கமாக வைத்தால் முன்னாலிருந்து தெரியாது, பின்னால் நிற்பவருக்குத் தெரியும். எங்கே வைப்பது என்பதை உங்களிடம் கேட்டுத்தான் டாக்டர் முடிவு செய்ய வேண்டும், கேட்கவில்லையென்றால் நீங்கள் கேளுங்கள்.

முதல் சில மாதம் தழும்பு சிவந்து, தடித்து, நம் நிறத்தில் கருத்தும் இருக்கும், பார்க்கப் பயமாகவே இருக்கும். ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் மெல்ல வெளிறித் தட்டையாகும். சிலருக்கு ஆகாது. கம்மல் போட்ட காது, தடுப்பூசி போட்ட தோள், பரு வந்த மார்பு, இவற்றில் எங்காவது உங்களுக்குக் கீலாய்டு, அதாவது காயத்தைத் தாண்டி வளர்கிற தடித்த தழும்பு, வந்திருந்தால் இந்த ஆபரேஷனை மறந்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. காயம் ஆறிய பிறகு சிலிகான் ஜெல் அல்லது ஷீட்டை மாதக்கணக்கில் போடுவது, வெயில் படாமல் மூடுவது, தடித்தால் ட்ரையாம்சினலோன் என்கிற ஸ்டீராய்டு ஊசி, இவைதான் கைவசம் உள்ளவை.

ஸ்லீவ்லெஸ் போட வேண்டும் என்பதற்காகவே வருகிறவர்களிடம் ஒரு சங்கடம் இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு ப்ளவுஸ் கைச் சுற்றளவு குறையும், டைலர் தையலைப் பிரிக்க வேண்டியதில்லை, அரைக்கை ப்ளவுஸ் அழகாக உட்காரும். ஸ்லீவ்லெஸ் போட்டுக் கையைத் தூக்கினால் மட்டும் கோடு தெரியும். தொங்கலா கோடா, எது தேவலை என்று யோசித்துப் பாருங்கள். நிறைய எடை குறைத்துச் சட்டைக்குள் கையே நுழையாமல் இருந்தவர்கள் பெரும்பாலும் கோடு பரவாயில்லை என்கிறார்கள். லேசாகத் தளர்ந்த கையோடு வந்தவர்கள்தான் பின்னால் வருத்தப்படுகிறார்கள்.

எத்தனை நாள் லீவு போட வேண்டும்?

ஆபீஸ் வேலை என்றால் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம். இறுக்கமான ப்ரெஷர் கார்மென்டை 4 முதல் 6 வாரம் போட்டிருக்க வேண்டும், சித்திரை வெயிலில் அது நரகம், முடிந்தால் மார்கழி பக்கம் தேதி வாங்குங்கள். கையைத் தலைக்கு மேல் நீட்டுவது சில வாரத்துக்குக் கூடாது, அப்படியென்றால் கொடியில் துணி காயப்போடுவது, பரணில் பாத்திரம் எடுப்பது, பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்குவது எல்லாம் இல்லை. தலைவாரிப் பின்னல் போட வீட்டில் ஒருவர் வேண்டும். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், கைக்குழந்தை, இவற்றைத் தூக்க 4 முதல் 6 வாரம் பொறுக்க வேண்டும். டூவீலர் ஓட்டுவதற்கு டாக்டர் சொல்கிற வரை காத்திருங்கள். கைக்குழந்தை உள்ளவர்கள், உதவிக்கு ஆள் இல்லாதவர்கள் தள்ளிப்போடுவதே மேல், இதை யாரும் ஆரம்பத்தில் யோசிப்பதில்லை.

என்னென்ன சிக்கல் வரலாம்?

சின்னச் சிக்கல்கள் சகஜம். அக்குள் பக்கத்தில் வியர்வையும் அசைவும் அதிகம், அங்கே தையல் ஒரு சென்டிமீட்டர் இரண்டு சென்டிமீட்டர் விட்டுப்போகும், கட்டுப் போட்டுப் போட்டு ஆறும். உள்ளே நீர் கட்டினால் ஊசியால் எடுப்பார்கள். மேற்கையின் உள்பக்கம் ஓடி முன்கைத் தோலுக்கு உணர்ச்சி தருகிற ஒரு நரம்பு வெட்டு வருகிற இடத்திலேயே இருக்கிறது, அது அடிபட்டால் முன்கையின் உள்பக்கம் மரத்துப்போகும், பல நேரம் சில மாதத்தில் சரியாகும், சிலருக்கு நிரந்தரம், அரிதாக வலியாகவே நின்றுவிடும். கை வீக்கம், சீழ், இரண்டு கையும் ஒரே மாதிரி இல்லாமல் போவது, இவையும் உண்டு. காய்ச்சல், ஒரு கை மட்டும் கிடுகிடுவென்று வீங்குவது, மூச்சுத்திணறல், கெண்டைக்கால் வலி என்றால் நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும், ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

யார் செய்துகொள்ளக் கூடாது?

மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர்க் கட்டிகளை எடுத்தவர்கள் அந்தப் பக்கக் கையில் அழகுக்காகக் கத்தி வைக்கக் கூடாது என்பதுதான் பொதுவான நிலை, கை நிரந்தரமாக வீங்கிப்போகும் அபாயம் இருக்கிறது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். சிகரெட் பிடிப்பவர்கள் குறைந்தது 4 வாரத்துக்கு முன்னால் நிறுத்தினால்தான் தோலுக்கு ரத்தம் ஒழுங்காகப் போகும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் எந்த மெஷினுக்கும் முன்னால் வாய் திறந்து சொல்லிவிட வேண்டும், பேஸ்மேக்கருக்கும் ஆர்எஃப்புக்கும் ஆகாது.

இன்னும் இரண்டு மாதத்தில் பெண்ணின் கல்யாணம். என்ன செய்யலாம்?

ஒன்றும் செய்யாதீர்கள். மெஷின் பலன் தெரியவே மூன்று மாதத்துக்கு மேல் ஆகும், ஆபரேஷன் தழும்பு இரண்டாவது மாதத்தில்தான் மிகவும் மோசமாக இருக்கும். முக்கால் கை வைத்து நல்ல டைலரிடம் ப்ளவுஸ் தைத்துக்கொள்ளுங்கள், மேடையில் யாரும் உங்கள் கையைப் பார்க்கப்போவதில்லை, பந்தியில் பாயசம் வந்ததா என்பதுதான் பேச்சாக இருக்கும்.

செலவு எவ்வளவு? இன்ஷூரன்ஸ் கொடுக்குமா?

ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். அதனால் தொகையைவிட எது எதற்கு என்று எழுதி வாங்குங்கள். சர்ஜன் ஃபீஸ், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், அறை, ரத்தப் பரிசோதனை, ப்ரெஷர் கார்மென்ட், பின்னால் வருகிற டிரெஸ்ஸிங், தழும்பு சரியில்லை என்றால் மறுதிருத்தம், இதில் எது சேர்ந்தது, எது சேராதது. மருத்துவ சேவைக்குப் பொதுவாக ஜிஎஸ்டி கிடையாது, ஆனால் அழகுக்காகச் செய்கிற சிகிச்சைக்கு 18 சதவீதம் உண்டு, ஒரு லட்சம் என்று பேசியது 1,18,000 ஆகும். பிறவிக்குறை, விபத்துக் காயம் போன்றவற்றைச் சீரமைப்பதற்கு மட்டும் அந்த வரி இல்லை.

இன்ஷூரன்ஸ் கிட்டத்தட்ட இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தோற்றத்தை மாற்றுவதற்கான சிகிச்சை பாலிசிகளில் விலக்குப் பட்டியலில் இருக்கிறது, விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பு, அல்லது மருத்துவக் காரணத்துக்கு அவசியம் என்றால்தான் பேச்சே. மடிப்பில் திரும்பத் திரும்பப் புண் வருகிறது என்று தோல் டாக்டர் சீட்டுகள் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம், நம்பிக்கை வைத்துக் கடன் வாங்காதீர்கள்.

டாக்டர் சரியானவர்தானா என்று எப்படிப் பார்ப்பது?

ஆபரேஷன் என்றால் எம்சிஎச் பிளாஸ்டிக் சர்ஜரி அல்லது அதற்கு ஈடான டிஎன்பி, இப்போதைய பெயரில் டிஆர்என்பி. எம்பிபிஎஸ், அப்புறம் பொது அறுவை சிகிச்சை, அப்புறம் மூன்று வருடம் பிளாஸ்டிக் சர்ஜரி என்று படித்து வருகிறவர்கள் இவர்கள். மெஷின், ஊசி வேலைக்கு எம்டி தோல் மருத்துவர். 'காஸ்மெட்டாலஜிஸ்ட்', 'ஏஸ்தெடிக் ஃபிசிஷியன்' என்று போர்டில் இருந்தால் அதற்குப் பின்னால் என்ன பட்டம் என்று கேளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. பதிவு எண்ணை வாங்கித் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் தளத்தில் தேடலாம். கிளினிக்குக்குத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்க வேண்டும். மயக்கம் யார் கொடுக்கிறார், ஆபரேஷன் முடியும்வரை அவர் அறையில் இருப்பாரா என்பது நான் முதலில் கேட்கிற கேள்வி.

முன்-பின் போட்டோ காட்டுவார்கள். கையைத் தூக்கியபடி, தழும்பு தெரியும்படி, ஒரு வருடம் கழித்து எடுத்தது இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் நிறத்துக்காரர் போட்டோவாக இருக்கட்டும். இன்றைக்கே அட்வான்ஸ் கட்டினால் 40 சதவீதம் தள்ளுபடி என்றால் செருப்பைத் தேடுங்கள்.

ஒன்றும் செய்யாமல் விட்டால் ஆபத்தா?

இல்லை. மிக அதிகமாகத் தொங்குகிறவர்களுக்கு அக்குள் மடிப்பில் வியர்த்துப் பூஞ்சை, அரிப்பு வரும், உலர்வாக வைத்துக்கொண்டு மருந்து போட்டால் போதும்.

ஆபரேஷன் செய்த பிறகு மறுபடி தொங்குமா?

எடுத்த தோல் திரும்ப முளைக்காது, மீதமுள்ள தோலுக்கு வயதாகும். எடை நிலையாக இருந்தால் பல வருடம் நன்றாக இருக்கும், பத்துப் பதினைந்து கிலோ ஏறி இறங்கினால் மறுபடி தளரும், அதனால் இளைக்க ஊசி போட்டவர்கள் அதை நிறுத்தினால் எடை திரும்புமா என்பதை ஆபரேஷனுக்கு முன்னாலேயே தங்கள் டாக்டரிடம் பேசி முடித்துவிட வேண்டும். மெஷின் சிகிச்சை வேறு கதை, பெரும்பாலான கிளினிக்குகள் வருடத்துக்கு ஒரு தடவை டச்சப் என்று கூப்பிடும், அந்தச் செலவையும் முதல் நாளே கூட்டிப் பாருங்கள்.